பதினேழாம் இலக்கக் குழாய்

என்னுடைய ரத்தம் ஓ பொசிற்றிவ். ஆய்வுகூடத்தில் எனக்கிருந்த மதிப்பெல்லாம் அந்த ஒரு தகுதியால் வந்ததுதான் என்று என் தோழி சொல்லுவாள். திங்கட்கிழமை காலையில் நான் கையை நீட்டிக்கொண்டு முக்காலியில் இருப்பேன். அவள் ஊசி ஏற்றி அந்தக் கிழமைக்கு வேண்டியதை எடுத்துவிட்டு, "கறந்தாச்சு, இனி மேயப் போகலாம்" என்பாள். குருநகர்க்காரி, எதையும் பகிடியாக்காமல் விடமாட்டாள். எனக்கோ மூக்கு நுனியில் கோபம். பொரிந்து தள்ளுவேன். அடுத்த திங்கள் மறுபடியும் கையை நீட்டுவேன். அந்த வேலை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. குடாநாட்டில் மின்சாரம் நின்று வருடக்கணக்காகியிருந்தது. எங்களிடம் இருந்தவை கையால் சுற்றும் மையநீக்கி ஒன்று, கண்ணாடியில் வெயிலைப் பிடித்து ஒளி எடுக்கும் நுணுக்குக்காட்டி ஒன்று, மண்ணெண்ணெயில் ஓடும் குளிர்ப்பெட்டி ஒன்று. சோதனைக் குழாய்களைக் கழுவி, அவித்து, காயவைத்து, திரும்பவும் பாவிப்போம். குண்டு போட விமானம் வந்தால் குழாய்த் தாங்கியைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் இறங்குவோம். குழாய் முதலில், ஆட்கள் பிறகு. எனக்கு இருபத்தாறு வயது. செய்வதற்கு வேலை இருந்தது, சேர்ந்து சிரிக்க ஒருத்தி இருந்தாள். சந்தோஷமாகவே இருந்தேன்.

எங்களுக்கு மேலே ஒரு டொக்டர். மாணவர்களுக்குப் படிப்பிப்பவர். எல்லோரும் வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தவர். கிளாலிக் கடலை வள்ளத்தில் கடந்து வந்தபோது சூட்கேசைக் காலடியில் போட்டுவிட்டு, ஒரு தேத்தண்ணிப் பிளாஸ்க்கை மட்டும் மடியில் வைத்திருந்தாராம். அதற்குள்ளே ஐஸ்கட்டியும் சில சின்னக் குப்பிகளும். அந்தக் குப்பிகளுக்காகத்தான் என்னுடைய ரத்தம் தேவைப்பட்டது.

அது என்ன சோதனை என்று கேட்பவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்லுவேன். நோய் வந்தால் அதை எதிர்க்க உடம்பு செய்வது பிறபொருளெதிரி. அது எல்லா மனிதரிலும் ஒரே மாதிரித்தான் வேலை செய்கிறது. ஆனால் அதன் மேலே சின்னச் சின்ன அடையாளங்கள் உண்டு, மாட்டுக்குச் சுடுகிற குறியைப் போல. அந்தக் குறி தாய் தகப்பனிடமிருந்து பரம்பரையலகு வழியாக வருவது. ஒரு நாட்டில் ஒரு குறி தாராளமாக இருக்கும், இன்னொரு நாட்டில் தேடினாலும் கிடைக்காது. ஏன் அப்படி என்று மாணவர்கள் கேட்டால் டொக்டர் உற்சாகமாகிவிடுவார்.

"எந்தக் காலத்திலையோ எந்தக் காய்ச்சலோ வந்து ஒரு ஊரையே வாரிக்கொண்டு போயிருக்கும். தப்பினவையின்ரை பிள்ளையள்தான் நாங்கள். அவையிட்டை இருந்த குறிதான் எங்களிட்டையும் இருக்கு" என்பார். பிறகு தானே கையை ஆட்டி, "அப்பிடியும் இருக்கலாம். சொந்தத்துக்குள்ளையே கட்டிக் கட்டி வந்த குறியாயும் இருக்கலாம். தெரியாததைத் தெரியும் எண்டு சொல்லக்கூடாது" என்று முடிப்பார்.

குறியைப் பார்க்கும் விதம் இதுதான். என்னுடைய சிவப்பணுக்களுக்குப் பிறபொருளெதிரி ஒன்றைப் பூசி வைப்போம். குப்பியில் இருந்தது மூட்டுவாதக்காரர் யாரோ ஒருவரின் சீரம், ரத்தம் உறைந்த பிறகு மேலே நிற்கிற தெளிந்த நீர். குழி குழியான ஒரு தட்டில் வைத்து அதை ஒரு சொட்டு விட்டால் பூசிய அணுக்கள் குறுணி குறுணியாகத் திரளும். ஆனால் அதற்கு முன்னரே இன்னொருவருடைய சீரத்தைக் கலந்து வைத்தால், அவரிடம் அந்தக் குறி இருக்குமானால், குப்பிச் சொட்டின் வேகமெல்லாம் அவருடைய சீரத்தோடேயே தீர்ந்துபோகும். அணுக்கள் திரளாது. திரண்டால் குறி இல்லை. திரளாவிட்டால் குறி உண்டு. புதிதாக வருகிற மாணவர்கள் எல்லோரும் இதைத் தலைகீழாக வாசிப்பார்கள், நான் எல்லோருக்கும் ஏசுவேன்.

முதலில் எங்களையே சோதித்துப் பார்த்தோம். ஒரு குறி என்னிடம் இருந்தது, தோழியிடமும் இருந்தது. உடுப்பிட்டித் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளையான எனக்கும் கடற்றொழிலாளர் வீட்டுப் பிள்ளையான அவளுக்கும் ஒரே குறி. அவளுக்குப் புளுகம், சந்தோஷம் பிடிபடவில்லை. "எடியே, நீ எங்கடை ஆள்தான். ஆரோ கடற்கரையிலை கண்டெடுத்து உடுப்பிட்டியிலை குடுத்திருக்கினம்" என்று இரண்டு நாளாகச் சொல்லிச் சிரித்தாள்.

பிறகு டொக்டர் குடும்பங்களைச் சோதிக்க ஆசைப்பட்டார். குறி தாய் தகப்பனிலிருந்து பிள்ளைக்கு இறங்குவதை மாணவர்கள் கண்ணால் காண வேண்டும் என்றார். கரையோரத்தில் சில வீடுகள், வடமராட்சியில் சில வீடுகள். அவர் இரண்டு விதிகள் வைத்தார். ஒருவரும் தன் சொந்த வீட்டு ரத்தத்தைத் தானே எடுக்கக்கூடாது. குறி பொருந்தாத குடும்பம் வந்தால் அந்த இலக்கங்களை ஒரு மண்ணிறக் கடித உறைக்குள் போட்டு ஒட்டிவிட வேண்டும். ஒருவரும் ஒருவரோடும் அதைப்பற்றிக் கதைக்கக்கூடாது. "பிள்ளையள், நாங்கள் குடும்பத்தைப் பிரிக்கிறதுக்கு இந்த வேலைக்கு வரேல்லை" என்றார்.

எங்கள் வீட்டையும் சேர்க்கச் சொன்னது நான்தான். சனிக்கிழமை உடுப்பிட்டிக்குப் போய் அம்மாவிடமும் அப்பாவிடமும் பெருமையாக விளங்கப்படுத்தினேன். அப்பா வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருந்தார்; எத்தனை போத்தல் வேண்டுமென்றாலும் எடுக்கச் சொன்னார். அம்மா முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தா. அம்மாவுக்குக் கதை குறைவு. நான் பத்துச் சொன்னால் அவ ஒன்று சொல்லுவா.

"ஆற்றை பிள்ளை ஆர் எண்டு அந்தத் தட்டு சொல்லிப்போடும், அம்மா" என்றேன்.

"பிழை விடாதோ?"

"விடாது."

அம்மா முருங்கை நெட்டுகளைக் கூட்டி அள்ளிக்கொண்டு எழும்பிப் போனா.

டொக்டரின் பழைய ஒஸ்ரின் காரில் மண்ணெண்ணெய் விட்டு, இரண்டு சொட்டுப் பெற்றோல் காட்டி உசுப்பி, அவரும் தோழியும் ஒரு புதன்கிழமை வடமராட்சிக்குப் போனார்கள். அணுக்களுக்குப் பூச்சுப் போட நான் ஆய்வுகூடத்தில் நின்றுவிட்டேன். பின்னேரம் தோழி குழாய்களோடு வந்து இறங்கினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"உன்ரை அம்மா சரியான பகிடிக்காரி. ஊசி ஏத்தேக்கை, 'கிணத்திலை தண்ணி கிடக்கோ எண்டு வடிவாப் பாருங்கோ பிள்ளை' எண்டு சொல்லுறா. டொக்டரும் சிரிச்சுப்போட்டார். உனக்கு மட்டும் ஏன் இந்தச் சிடுமூஞ்சி?"

என் அம்மா பகிடி விட்டதை என் ஆயுளில் நான் கண்டதில்லை. வெளியாட்களைக் கண்ட சந்தோஷமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு நிறைய வேலை.

குழாய்களில் பெயர் இருக்காது, இலக்கம் மட்டும்தான். வாசித்து முடித்த பிறகுதான் பெயர்ப் பட்டியலைத் திறப்போம். அடுத்த நாள் நான் வாசித்தேன். பதினாறு திரண்டது. பதினேழு திரண்டது. எழுதிக்கொண்டு போய், எல்லாம் முடிந்ததும் பட்டியலைத் திறந்தேன். பதினாறு என் அப்பா. பதினேழு என் அம்மா. இரண்டு பேரிடமும் அந்தக் குறி இல்லை. என்னிடம் இருக்கிறது.

புதிதாக வந்த மாணவர்களைப் போல நானும் தலைகீழாக வாசித்துவிட்டேன் என்று முதலில் நினைத்தேன். திரும்பச் செய்தேன். அதே முடிவு. அப்பா என்னைப் பெற்றவர்தானோ என்று ஒரு எண்ணம் வந்தது. அப்படி நினைத்ததற்கே என் வாயில் அடித்துக்கொண்டேன். என் அம்மாவை அறிந்த ஒருவருக்கும் அது தோன்றாது. மிஞ்சியது ஒன்றுதான். நான் அந்த வீட்டில் பிறந்த பிள்ளை இல்லை.

மூன்றாம் தரமும் செய்தேன். குப்பியில் சீரம் கண்ணுக்குத் தெரியக் குறைந்திருந்தது. தங்கத்தை விடப் பெறுமதியான சாமான், டொக்டர் மட்டம் பார்த்து வைத்திருப்பவர். அவர் வந்தார், குப்பியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மண்ணிற உறையை எடுத்தார்.

"சேர், அது எங்கடை வீடு" என்றேன்.

"தெரியும் பிள்ளை."

என்னுடையதையும் சேர்த்து மூன்று இலக்கங்களையும் துண்டில் எழுதி உள்ளே போட்டு ஒட்டினார். அவர் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்த மெல்லிய குரல்தான் என்னை வதைத்தது.

தோழி தன் பட்டியலை நாலு தரம் பார்த்தாள். "நான்தான் குழாயை மாறிப் போட்டிருப்பன்" என்றாள். அவள் ஒருநாளும் மாற்றிப் போடுகிறவள் அல்ல என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். "அப்பிடித்தான் இருக்கும். நான் ஒரு விசரி" என்று மறுபடியும் சொன்னாள். செய்யாத பிழையை எனக்காகத் தலையில் போட்டுக்கொண்டாள். கடற்கரைப் பகிடியை அதற்குப் பிறகு அவள் எடுக்கவே இல்லை.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குப் போனேன். கேட்கப் போனேன் என்றுதான் நினைத்தேன், வாய் வரவில்லை. அதற்குப் பதிலாகக் களவெடுக்க வந்தவளைப் போல வீட்டில் உள்ளதையெல்லாம் பார்த்தேன். அம்மாவின் விரல்கள் குட்டை, என்னுடையவை நீளம். அம்மாவுக்குச் சுருள்முடி, எனக்குத் தும்பு மாதிரி. அம்மாவுக்குக் கோபம் வந்தால் பேச்சு நிற்கும், எனக்குக் கோபம் வந்தால் பேச்சு தொடங்கும். அலுமாரிக்குள் என் பிறப்புப் பத்திரத்தைத் தேடி எடுத்தேன். பிறந்து இரண்டு மாதம் கழித்துப் பதிந்திருந்தது. ஏன் இரண்டு மாதம்? அந்தக் காலத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் என்று இப்போது தெரியும். அன்றைக்கு அந்த முத்திரையே என்னைப் பார்த்துப் பழித்தது.

சின்ன வயதில் நான் அடம்பிடித்தால் பக்கத்து வீட்டு மாமி, "இதைத் தவிட்டுக்கெல்லே வாங்கினது" என்பா. எங்கள் பக்கத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்வதுதான். ஏழு வயதில் ஒருநாள் எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. மாட்டுக்கு வைத்திருந்த தவிட்டில் ஒரு சிரட்டை அள்ளிக்கொண்டு போய் அம்மாவின் முன்னால் வைத்து, "இந்தா உன்ரை தவிடு. நான் போறன்" என்றேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. சிரட்டையைத் தூக்கி வேலிக்கு அப்பால் எறிந்தா. பிறகு வேலியடியில் நின்று மாமியிடம், இனிமேல் அந்தக் கதையை இந்த வளவுக்குள் கதைக்க வேண்டாம் என்று சொன்னா. அவை இரண்டு பேரும் உடன்பிறந்தவர்கள் மாதிரி. அதற்கு முதலும் பிறகும் அம்மா மாமியோடு முகம் கறுத்ததை நான் காணவில்லை. இருபது வருடம் மறந்து கிடந்த அந்தத் தவிட்டுச் சிரட்டை அன்றிரவு என் நெஞ்சில் வந்து குந்திக்கொண்டது.

ஞாயிறு பின்னேரம் பஸ் ஏறும்போது அம்மா வழக்கம்போல நான் தின்ன முட்டைமாவை ரின்னில் அடைத்துத் தந்தா. வாங்கும்போது அழுகை வந்துவிட்டது. "என்ன?" என்று அம்மா கேட்டா. தடிமன் என்றேன்.

ஒரு சனிக்கிழமை விட்டு அடுத்த சனிக்கிழமை காலையில் கூட்டுறவுச் சங்கக்கடையில் மண்ணெண்ணெய் கொடுக்கிறார்கள் என்று மாமி வந்து சொன்னா. மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் வயதுதான். அம்மா பேசாத பேச்சையெல்லாம் சேர்த்துப் பேசுகிறவ. அந்த நாட்களில் ஒரு வீட்டுக்காக இன்னொரு வீட்டார் வரிசையில் நிற்பது வழமை. பங்கீட்டு அட்டையைக் கொண்டு போனால் போதும், ஆள் யார் என்று ஒருவரும் பார்ப்பதில்லை. எங்கள் வீட்டு அட்டையும் மாமியின் கையில்தான் எப்போதும் இருக்கும். கானைத் தூக்க நானும் கூடப் போனேன்.

மனேச்சர் அட்டைகளை அடுக்கி வைத்து ஒவ்வொன்றாகப் பெயர் கூப்பிட்டார். மாமியின் பெயர் வந்தது. போய் வாங்கினா. நாலைந்து பேர் கழிந்து அம்மாவின் பெயர் வந்தது.

"ஓம், நான்தான்" என்றா மாமி.

மனேச்சர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "இப்பத்தானே வேறை பேரிலை வாங்கினனீங்கள்?"

"ஏன், ஒராளுக்கு ரெண்டு பேர் இருக்கப்படாதோ? ஊத்துங்கோ தம்பி, கிணத்திலை தண்ணி வத்த முந்தி."

வரிசை முழுக்கச் சிரித்தது. நான் மட்டும் கானைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். கிணற்றுத் தண்ணி. அந்தப் பகிடியைத் தோழியின் வாயால் நான் ஏற்கெனவே கேட்டிருந்தேன்.

சங்கக்கடைப் படியை விட்டு இறங்கியதும் கேட்டேன். "மாமி, அண்டைக்கு எங்கடை வீட்டிலை ஊசி ஏத்தினது ஆருக்கு?"

"எனக்குத்தான். அம்மா உனக்குச் சொல்லேல்லையோ?" மாமி கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "அம்மா கந்தசட்டியெல்லே. பாலும் பழமுமாக் கிடக்கிற மனிசியிட்டை ரத்தம் எடுக்கிறதே? விரதம் என்னாகிறது? உன்ரை ஆக்களைச் சும்மா திருப்பி அனுப்பினால் உனக்கும் மரியாதை இல்லை. கதிரையிலை நான் இருந்தன், அந்தக் கறுத்தப் பிள்ளை அம்மாவின்ரை பேரைச் சொல்லிக் கேட்டது, ஓம் எண்டன். எண்ணைக்கு நிக்கிற நான் ரத்தத்துக்கு நிக்கமாட்டனே?"

"அப்ப அப்பா எங்கை நிண்டவர்?" என்றேன்.

"அவர் தோட்டத்திலை. தண்ணி இறைக்கிற நாள். முதலே குடுத்துப்போட்டுப் போயிட்டார்."

நான் கானை றோட்டில் வைத்துவிட்டுச் சிரித்தேன், அழுதேன். எது முதலில் வந்தது என்று ஞாபகம் இல்லை. இரண்டு கிழமை என் உயிரை எடுத்த பதினேழாம் இலக்கக் குழாய் மாமியுடையது. மாமி பயந்துபோய், ரத்தத்தில் ஏதும் வருத்தமோ என்று கேட்டா. "ஒரு வருத்தமும் இல்லை மாமி, நல்ல ரத்தம்" என்று கட்டிப்பிடித்தேன்.

சிரிப்பு வீட்டுப் படலை வரைக்கும்தான் நின்றது. படலையைத் திறக்கும்போது கோபம் வந்துவிட்டது. அம்மா குசினி வாசலில் அரிசி கிளைந்துகொண்டிருந்தா. நான் அங்கிருந்தே தொடங்கினேன். விரதம் என்றால் ஒரு கிழமை பொறுக்கச் சொல்லியிருக்கலாமே? டொக்டரே பொறுத்திருப்பாரே? இரண்டு கிழமையாக நான் பட்ட பாடு தெரியுமா? நான் இந்த வீட்டுப் பிள்ளையே இல்லை என்று நினைத்துக்கொண்டு சோறு தண்ணி இறங்காமல் கிடந்தேன், தெரியுமா?

அம்மா அரிசிச் சட்டியைக் கீழே வைத்தா.

"அப்ப, நீயும் நினைச்சனியோ?" என்றா.

அந்த 'நீயும்' என்ற சொல்லைக் கேட்டு நான் அம்மாவுக்கு முன்னால் போய்க் குந்தினேன்.

அம்மா அவ்வளவு நீளமாகக் கதைத்ததை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். ஆஸ்பத்திரியில் என்னைப் பெற்ற அன்றைக்கு அவவுக்கு நினைவு தப்பிவிட்டதாம். பக்கத்துக் கட்டிலிலும் ஒருத்திக்கு அதே நேரம் பெண்பிள்ளை.

"கண் முழிச்சுப் பாக்கேக்கை உன்னை வேறை துணியிலை சுத்தி வைச்சிருந்தது. நான் வீட்டிலை இருந்து கொண்டு போனது நீலக் கரை போட்ட துணி. என்ரை துணி எங்கை எண்டு கேட்டன். துணி மாறினால் பிள்ளை மாறுமோ எண்டு நேர்ஸ்மார் ஏசிப்போட்டுப் போயிட்டினம். மற்றவள் அண்டைக்கே வீட்டை போயிட்டாள். எந்த ஊர் எண்டும் தெரியாது."

"இதை அப்பாவுக்குச் சொன்னனீங்களே?"

"ஆருக்கும் சொல்லேல்லை. சொன்னால், தேடிப் பாப்பம் எண்டு வெளிக்கிடுவார்." அம்மா சீலைத் தலைப்பால் கையைத் துடைத்தா. துடைத்த கையையே திரும்பத் துடைத்தா. "நீ வந்து சொன்னாய், ஆற்றை பிள்ளை ஆர் எண்டு சொல்லிப்போடும், பிழை விடாது எண்டு. எனக்கு நெஞ்சு பதறிப்போச்சு. விரதம் எண்டது நல்லதாப் போச்சு எண்டு அவளை இருத்தினன். அவளின்ரை ரத்தத்தை வைச்சு ஆரும் உன்னை என்னட்டை இருந்து பறிக்கேலாதெண்டு நினைச்சன். அது உன்னை இப்பிடிப் போட்டு உருட்டும் எண்டு எனக்கெங்கை தெரியும்?"

இருபத்தாறு வருடமாக ஒரு துணித் துண்டின் பயத்தை வைத்துக்கொண்டு அந்த மனிசி எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டிருக்கிறா, முட்டைமா அடைத்துத் தந்திருக்கிறா, தவிட்டுச் சிரட்டையைத் தூக்கி எறிந்திருக்கிறா. நானோ இரண்டு கிழமை தாங்கமாட்டாமல் கத்திக்கொண்டு வந்து நிற்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. இன்னொருத்தியின் பிள்ளையாக இருந்தாலும் விடமாட்டேன் என்று என்னை ஒருத்தி பிடித்து வைத்திருந்திருக்கிறா.

"கையைத் தாங்கோ அம்மா" என்றேன். என் பையில் ஊசியும் குழாயும் எப்போதும் இருக்கும். டொக்டரின் முதல் விதியை மீறப் போகிறேன் என்று தெரிந்துதான் எடுத்தேன்.

அம்மா உடனே தரவில்லை. அரிசிச் சட்டியைப் பார்த்தா, வேலியைப் பார்த்தா. பிறகு கையை நீட்டிவிட்டு முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டா. நாளம் லேசில் பிடிபடவில்லை. பயத்தில் கை குளிர்ந்திருந்தது.

"எப்ப தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை."

"என்ன வந்தாலும் நீ வீட்டை வருவாய்தானே?"

வருவேன் என்றேன். பஞ்சை வைத்து அமத்தியபடி கனநேரம் அந்தக் கையை விடாமல் இருந்தேன்.

திங்கட்கிழமை எல்லாவற்றையும் டொக்டரிடம் சொன்னேன். எண்ணெய் வரிசையைப் போல ரத்தத்துக்கும் ஆள் மாறி நிற்பார்கள் என்று அவருடைய வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். துணியின் கதையைச் சொன்னபோது சிரிப்பை நிறுத்திவிட்டார். மற்ற வீடுகளில் யார் யாருக்காக யார் யார் கதிரையில் இருந்தார்களோ என்று தோழி தலையில் கையை வைத்தாள். எல்லா வீடுகளுக்கும் திரும்பவும் போக வேண்டியதாயிற்று. அது வேறு பாடு.

செவ்வாய்க்கிழமை அம்மாவின் குழாயை டொக்டரே வாசித்தார். என்னைப் பக்கத்தில் வரவிடவில்லை. நான் யன்னலடியில் நின்று வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டை மெல்ல ஆட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"வந்து பார் பிள்ளை."

குழியில் சிவப்பு மழமழவென்று ஒரே சீராகப் படிந்திருந்தது. ஒரு குறுணி இல்லை. திரளவில்லை. அம்மாவிடம் குறி உண்டு. தோழி என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "போடி, நீ உடுப்பிட்டியாள்தான். எங்களுக்கு வேண்டாம்" என்றாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

டொக்டர் உறையைக் கிழித்துத் துண்டை எடுத்துக்கொண்டே, படிப்பிக்கும் குரலில், ஆனால் மெதுவாகச் சொன்னார். "ஒண்டை மட்டும் மறந்துபோகாதை. இவ உன்ரை தாய் இல்லை எண்டு இனிச் சொல்லேலாது. அவ்வளவுதான். இவதான் தாய் எண்டு இந்தத் தட்டு சொல்லாது. இந்தக் குறி எங்கடை சனத்திலை கன பேரிட்டைக் கிடக்கு."

எனக்கு அது புதிதல்ல. நானே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான்.

சனிக்கிழமை வரைக்கும் பொறுக்க முடியவில்லை. மத்தியானத்தோடு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். மண்ணெண்ணெய்ப் புகையில் கண் எரிய எரியத் தொங்கிக்கொண்டு போய், வீட்டுப் படலையைத் திறந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அம்மா குசினிக்குள் திருவலையில் இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தா. கிழமை நாளில் நான் வந்து நிற்பதைக் கண்டும் எழும்பவில்லை, ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. கை மட்டும் நின்றுவிட்டது.

"பொருந்துது அம்மா" என்றேன்.

அம்மா பாதித் தேங்காயை மடியில் வைத்தா. பிறகு, "அப்ப அந்தத் துணியை ஆரோ எடுத்துக்கொண்டு போயிட்டினம்" என்றா. "நல்ல துணி." திரும்பவும் திருவத் தொடங்கினா. அடுப்பில் இருந்த சோற்றை இறக்கச் சொன்னா. அன்றைக்கு எனக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறி.

டொக்டர் சொன்ன மற்றப் பாதியை நான் அம்மாவுக்குச் சொல்லவில்லை. அந்தத் தட்டின் கணக்குப்படி சங்கக்கடை வரிசையில் நின்ற பெண்களில் எத்தனையோ பேர் என்னைப் பெற்றிருக்கலாம். ஆனால் என்னை இழந்துவிடக்கூடாது என்று கையை ஒளித்தவ ஒருத்திதான். அவ ஒரு கையை ஒளித்தா, நான் ஒரு வசனத்தை ஒளித்தேன். அம்மா போய்ச் சேரும் வரைக்கும் அதைச் சொல்லவே இல்லை.